மீனை முதல் நாளே இறக்கி வைக்க வேண்டும்

எங்கள் வீட்டில் மீன் பேச்சு எப்போதும் பகல் பதினொரு மணிவாக்கில்தான் எழும். வாசலில் இரண்டு மூன்று பேர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்கும். மாமனார் அவர்களை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, அடுப்படிப் பக்கம் கழுத்தை மட்டும் திருப்பி, "ஆத்தா, மீனு இருக்குல்ல? இவுகளுக்கும் சேத்து ஆக்கிரு" என்பார். அதைச் சொல்ல அவருக்கு ஒரு மூச்சுதான் ஆகும். அந்த மீனோ ஐஸ் பெட்டியின் அடியில் பாறை மாதிரிக் கிடக்கும்.

வந்தவர்கள் "எதுக்குண்ணே செரமம்" என்பார்கள். "செரமம் என்னய்யா செரமம், மீனு ரெடியா இருக்கு" என்பார் அவர். ரெடியாக இருக்கிறது! கருங்கல்லை எடுத்து வைத்துக்கொண்டு அம்மி ரெடியாக இருக்கிறது என்று சொல்வது மாதிரிதான் அது. ஒரு மணிக்கு இலை போட வேண்டும். இடையில் இருக்கும் இரண்டு மணி நேரத்தில் அந்தக் கல்லை மீனாக்கி, மீனைக் குழம்பாக்கி, நான்கு துண்டு வறுத்து, சிரித்த முகத்தோடு பரிமாற வேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதுதான் என் ஞாயிற்றுக்கிழமை. மற்ற நாட்களில் நான் அன்னவாசலில் ஒரு தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். அன்றைக்கெல்லாம் இந்த வேலை என் மாமியாருடையது.

மாமனார் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இலுப்பூர், அன்னவாசல், புதுக்கோட்டை என்று இந்தத் தடத்தில் அவர் டிக்கெட் கிழித்துக் கொடுக்காத ஆளே கிடையாது என்று சொல்லலாம். எங்கே போனாலும் நாலு பேர் கும்பிடுவார்கள். அவரும் யாரைப் பார்த்தாலும் விட மாட்டார். "வாங்க, வீட்டுக்கு வந்துட்டுப் போங்க, ஒரு வாய் சாப்புட்டுப் போங்க" என்று கையைப் பிடித்து இழுத்து வந்துவிடுவார். நல்ல மனிதர் என்று ஊரே சொல்லும். நானும் இல்லை என்று சொல்லவில்லை. அந்த நல்ல மனசுக்கு அடுப்படியில் வேகிறவர்கள் யார் என்றுதான் கேட்கிறேன்.

அந்த ஐஸ் பெட்டி அவருடைய பெருமை. புதுக்கோட்டையில் ஒரு ஐஸ்கிரீம் கடையை மூடியபோது வாங்கி வந்தது. மேல் பக்கம் கதவைத் தள்ளித் திறக்கிற நீளப் பெட்டி. கூடத்தில், டிவிக்குப் பக்கத்தில் நிற்கும். மாதம் ஒரு முறை யாராவது ஒரு சிநேகிதரின் வண்டியில் தொற்றிக்கொண்டு ஜெகதாப்பட்டினம் போவார். தெர்மாகோல் பெட்டி நிறைய வஞ்சிரமும் சூரையும் கானாங்கெளுத்தியும் வாங்கி, அங்கேயே வெட்டி வருவார். வந்ததும் எல்லாவற்றையும் ஒரே பாலிதீன் சாக்கில் கொட்டி, மூட்டையாகக் கட்டி, பெட்டிக்குள் இறக்கிவிடுவார். மறுநாள் அது ஒரே கட்டி. தலை எது, வால் எது, வஞ்சிரம் எது, சூரை எது என்று பிரிக்க முடியாத ஒரே கட்டி.

நான் கடலோரம், மணமேல்குடிப் பக்கம். எங்கள் வீட்டில் காலையில் வந்த மீன் மத்தியானம் தீர்ந்துவிடும். உறைந்த மீனை நான் கல்யாணத்துக்கு முன்பு தொட்டதே இல்லை. அதனால் முதல் தடவை மாமனார் தன் டெப்போ சிநேகிதர்களை அழைத்து வந்தபோது எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்தேன். அரிவாள்மனையின் முதுகால் தட்டி ஒரு பெரிய துண்டை உடைத்தேன். சீக்கிரம் இளகட்டும் என்று கொதிக்கிற வெந்நீரைக் கொட்டினேன்.

மேலே தோல் வெளுத்து, வெந்து, சதை நூல் நூலாகப் பிரிந்தது. உள்ளே விரலால் அழுத்தினால் இன்னும் ஐஸ். அப்படியே குழம்பில் போட்டேன், வேறு வழியில்லை. உள்ளிருந்த ஐஸ் கரைந்து குழம்பு நீர்த்தது. வெந்த சதை கரைந்து குழம்பு கலங்கியது. கரண்டியை விட்டால் முள் மட்டும் வந்தது. மாமனார் இலையைப் பார்த்தார், சிநேகிதர்களைப் பார்த்தார், சிரித்தார்.

"கடக்கரப் பொண்ணுன்னு பாத்துக் கட்டுனோம். மீனுல கஞ்சி காச்சிருக்கு பாருங்க."

கூடமே சிரித்தது. எனக்குக் காது மடல் வரை சுட்டது. அடுப்படிக்குள் வந்து நின்றபோது என் மாமியார் என் முதுகில் கையை வைத்தார். "விடு ஆத்தா. எனக்கும் மொதல்ல இப்பிடித்தான் ஆச்சு. நீ வெந்நியெல்லாம் ஊத்தாத. நான் மாடில காய வைப்பேன்" என்றார்.

அத்தையின் வழி அது. மீன் கட்டியை அலுமினியத் தாம்பாளத்தில் வைத்து, கொசுவலைத் துணியால் மூடி, மொட்டை மாடியில் வெயிலில் வைப்பார். எங்கள் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நார்த்தாமலைப் பக்கத்துப் பாறையெல்லாம் சுட்டு, அந்தச் சூடு காற்றிலேயே வரும். மீன் சீக்கிரம் இளகத்தான் செய்யும். ஆனால் வெளிப்பக்கம் இளகி, ஈ மொய்த்து, வாடை கிளம்பிய பிறகும் நடுவில் ஐஸ் நிற்கும். காக்காயும் பூனையும் சும்மா இருக்காது. அதனால் அத்தை தலையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு, கையில் ஒரு குச்சியோடு தாம்பாளத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். கால் சுடும் என்று சாக்கை விரித்துக்கொள்வார்.

ஒருநாள் துணி காயப் போட மாடிக்கு ஏறியவள் அதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். கீழே கூடத்தில் மின்விசிறிக்கு அடியில் மாமனாரும் அவர் கூட்டி வந்தவர்களும் பேசிச் சிரிக்கிற சத்தம் மேலே கேட்கிறது. இங்கே பேரப்பிள்ளை எடுத்த ஒரு பெண் மொட்டை வெயிலில் காக்காய் விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கீழே இருப்பவர் பெயர் விருந்தாளியை உபசரிக்கிறவர். மேலே இருப்பவளுக்கு ஒரு பெயரும் இல்லை. எனக்குள் முதன்முதலில் நிஜமான கோபம் பிடித்துக்கொண்டது அன்றைக்குத்தான்.

அதன் பிறகு நானே ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். செல்போனில் தேடினேன், எங்கள் பள்ளியில் வேலை செய்யும் டீச்சர்களிடம் கேட்டேன், கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டேன். கடைசியில் தெரிந்துகொண்டது மிகச் சாதாரணமான விஷயம். மறுநாள் சமைக்க வேண்டிய மீனை முதல் நாள் சாயங்காலமே ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்து, அடுப்படியில் இருக்கும் சாதாரண ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட வேண்டும். அடியில் ஒரு பாத்திரம், அதன் மேல் வடிதட்டு, வடிதட்டில் மீன், மேலே ஒரு மூடி. ஐஸ் கரைந்த தண்ணீர் அடிப் பாத்திரத்தில் இறங்கிவிடும், மீன் அதில் ஊறிக்கொண்டு கிடக்காது. குளிர்ச்சி விடாமலே மெதுவாக இளகும். காலையில் எடுத்தால் சந்தையில் அப்போதுதான் வாங்கியது மாதிரி சதை கெட்டியாக இருக்கும். உப்பும் மஞ்சளும் போட்டு அலசி, வறுக்கிற துண்டுகளைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டால் எண்ணெயும் தெறிக்காது, மசாலாவும் உதிராது.

அவசரத்துக்கும் ஒரு வழி இருக்கிறது. மீனைத் தண்ணீர் புகாத கவரில் போட்டு இறுக்கிக் கட்டி, பச்சைத் தண்ணீரில் அமுக்கி வைத்து, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் அதற்கு மீன் சின்னச் சின்னத் துண்டாக, தட்டையாக உறைந்திருக்க வேண்டும். அவருடைய மூட்டைக் கட்டிக்கு அது ஆகாது. ஒரு வேளைக்கு வேண்டியதை எடுக்கவே முழுக் கட்டியையும் பாதி இளக்க வேண்டியிருக்கும். மிச்சத்தை மறுபடி உள்ளே போடச் சொல்லுவார்.

ஆக, எனக்கு வேண்டியது இரண்டே விஷயம். மீனைப் பிரித்து வைக்க விட வேண்டும். யாராவது வருவதென்றால் முதல் நாளே சொல்ல வேண்டும். இதைக் கேட்பதற்கு எனக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்தது என்று இப்போது நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

ஒரு சாயங்காலம் அவர் காபி குடித்துக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"மாமா, யாராச்சும் சாப்புட வாராகன்னா முந்துன நாளே ஒரு வார்த்தை சொல்லிருங்க. மீன எடுத்துக் கீழ வச்சிருவேன். ஒடையாம வரும்."

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. அவருக்கு அது வேடிக்கையாக இருந்தது.

"ஏம்மா, ரோட்டுல நின்னு கையக் காட்டுனா வண்டிய நிறுத்தி ஏத்திக்கிட்டவன் நானு. ஸ்டாப்பிங் இருக்கா இல்லையான்னு பாத்ததில்ல. மனுசன் நம்ம வீட்டுக்கு வாரதுக்கு ரிசர்வேசனா?"

அதை அவர் பிறகு பலரிடம் சொல்லிச் சிரித்தார். "எங்க வீட்டுல இப்ப ரிசர்வேசன் பண்ணாத்தான் சாப்பாடு." எனக்கு வாயில் வந்து நின்ற பதிலை நான் அன்றைக்கு விழுங்கிவிட்டேன். விசில் ஊதியது அவர்தான். பிரேக்கை மிதித்தது முன்னால் உட்கார்ந்திருந்த டிரைவர். இந்த வீட்டிலும் அப்படித்தான்.

அடுத்த முறை மீன் வந்தபோது கவர்களை வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வஞ்சிரம் தனி, சூரை தனி, தலையெல்லாம் தனி என்று ஒரு வேளைக்கு ஒரு கவராகப் போட்டு, தட்டையாகத் தட்டி அடுக்கினேன். கை விறைத்துப் போனது. அத்தை கூட இருந்து கட்டிக் கொடுத்தார். குளித்துவிட்டு வந்த மாமனார் பெட்டியைத் திறந்து பார்த்தார்.

"என்ன இது, ரேசன் கடையா? பொட்டலம் பொட்டலமா?"

"எடுக்கச் சுளுவா இருக்கும் மாமா."

"மொத்தமாக் கெடந்தாத்தான் மீனு கெடாது. எடத்தையும் அடைக்காது." சொல்லிக்கொண்டே ஒவ்வொரு கவராகக் கிழித்து, என் கண் முன்னாலேயே, எல்லாவற்றையும் பழையபடி சாக்கில் கொட்டினார். கிழிந்த கவர்கள் என் காலடியில் விழுந்தன. அத்தை குனிந்து அவற்றைப் பொறுக்கினார்.

அன்றைக்குக் கணவரிடம் போனில் சொன்னேன். அவர் கத்தாரில் இருக்கிறார். "அப்பாவுக்கு இருக்குற ஒரே சந்தோசம் அதுதான். நாலு பேரு வரணும், போகணும். கொஞ்சம் அனுசரிச்சுப் போயேன்" என்றார்.

"நீங்க அங்க சாப்புடுற மீன யாரு எளக்குறா?"

"எனக்கென்ன தெரியும். மெஸ்ஸுல வருது, சாப்புடுறேன்."

அவருக்கும் தெரியாது. சாப்பிடுகிறவர்கள் யாருக்கும் தெரியாது.

போன கோடையில் நடந்ததைத்தான் நான் சொல்ல வந்தேன். சனி, ஞாயிறு, திங்கள் என்று சேர்ந்தாற்போல வந்த விடுமுறைக்கு மகளைக் கூட்டிக்கொண்டு மணமேல்குடி போயிருந்தேன். நான் இல்லாதபோது ஊரில் டிரான்ஸ்பார்மர் பழுதாகி, முதல் இரண்டு நாளும் கரண்ட் இல்லை. ஐஸ் பெட்டியைத் திறக்காமல் விட்டிருந்தாலாவது குளிர் கொஞ்சம் தங்கியிருக்கும். மாமனார் மணிக்கொரு தரம் திறந்து, மீன் எப்படி இருக்கிறது என்று தொட்டுத் தொட்டுப் பார்த்திருக்கிறார். நான் திங்கள் சாயங்காலம் வந்தபோது கரண்ட் வந்து பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. திறந்து பார்த்தேன். மூட்டை தன் பழைய வடிவத்தில் இல்லை. பெட்டியின் அடியில் பரவி, தட்டையாகி, சுற்றிலும் சிவப்பாக ஐஸ் பிடித்திருந்தது. வாடை மூக்கில் ஏறியது.

"மாமா, மீனு கரைஞ்சு திரும்ப ஒறைஞ்சிருக்கு. கரண்டு ரொம்ப நேரம் இல்லையா?"

"செத்த நேரந்தான். அதெல்லாம் ஒண்ணும் ஆகாது."

அத்தை அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வாயைத் திறக்கவில்லை. இரண்டு நாள் என்பதைப் பக்கத்து வீட்டில்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். திரும்பி வந்து நேராகச் சொன்னேன். "இந்த மீன யாரும் தொடாதீங்க. நான் தூக்கிப் போட்டுர்றேன்."

"தூக்கிப் போடவா?" மாமனாருக்குக் குரல் ஏறியது. "அம்புட்டுத் தூரம் போயி, வெயில்ல நின்னு வாங்கியாந்தது. தூக்கிப் போடுறாளாம். டீச்சர்னா எல்லாந் தெரிஞ்சுரும்போல." பெட்டியின் கதவைச் சாத்தி, அதன் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். மகள் பயந்து என் சேலையைப் பிடித்தாள். நான் உள்ளே போய்விட்டேன்.

அந்த வாரம் நடுவில் ஒருநாள், நான் பள்ளிக்குக் கிளம்பிய பிறகு, விராலிமலையிலிருந்து பழைய டிரைவர் ஒருவர் வருகிறார் என்று மாமனார் மீனை எடுக்கச் சொல்லிவிட்டு, அவரைக் கூட்டிவர வெளியே போயிருக்கிறார். அத்தை ஒரு கட்டியை உடைத்து வழக்கம் போல மாடிக்குக் கொண்டுபோயிருக்கிறார். வெயிலில் வைத்து, இளக்கி, குழம்பு வைத்து இறக்கிவிட்டார். மத்தியானம் மாமனாரிடமிருந்து அத்தைக்குப் போன் வந்தது. டிரைவர் வீட்டுக்கு வரவில்லையாம். இரண்டு பேரும் அப்படியே குன்றாண்டார்கோவில் பக்கம் ஒரு காதுகுத்து விருந்துக்குப் போகிறார்களாம். அங்கே பிரியாணியாம்.

"மீன வீணாக்கிறாத, நீ சாப்புடு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

அத்தை சாப்பிட்டார். மீன் என்றால் அவருக்கு உயிர். கூட்டம் வருகிற நாளில் அவருக்கு வாலும் குழம்பும்தான் மிஞ்சும். அன்றைக்கு முழுச் சட்டியும் அவருக்கே இருந்தது. சூரையில் நடுத்துண்டாகப் பார்த்துப் போட்டுக்கொண்டதாகப் பிறகு சொன்னார். "நாக்குல சுருக்குன்னு காரமா இருந்துச்சு ஆத்தா, நான் மொளகுத்தூளு கூடிப்போச்சுன்னு நெனச்சேன்." நல்ல வேளையாக மகளுக்கு நான் காலையிலேயே முட்டை சாதம் கட்டிப் பள்ளிக்குக் கொடுத்துவிட்டிருந்தேன்.

பள்ளி விட்டு மகளோடு வீட்டுக்கு வந்தபோது அத்தை கொல்லைப்புறக் குழாய்க்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். முகமும் கழுத்தும் மிளகாயை அரைத்துப் பூசியது போலச் சிவந்திருந்தன. கையெல்லாம் தடிப்பு. வாந்தி எடுத்து எடுத்து எடுக்க ஒன்றுமில்லாமல் ஓங்கரித்துக்கொண்டிருந்தார். "நெஞ்சு படபடங்குது ஆத்தா" என்றார். நான் தொட்டபோது உடம்பு நடுங்கியது. பெட்டியைப் பார்க்கப் போகவில்லை, குழம்புச் சட்டியைப் பார்த்தேன், புரிந்துவிட்டது. மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, ஒரு காரைப் பிடித்து அத்தையைப் புதுக்கோட்டைக்குக் கூட்டிப் போனேன். வழி முழுக்க அத்தை என் மடியில் தலையை வைத்துக்கொண்டு, "அவுகளுக்குச் சொல்லாத, விருந்துல இருப்பாக" என்று முனகிக்கொண்டே வந்தார். நான் போன் செய்தேன்.

அவர் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அத்தையின் கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. வெள்ளைச் சட்டை, வாயில் பீடா வாசனை. டாக்டர் என் வயதுள்ள ஒரு பெண். "மத்தியானம் என்ன சாப்பிட்டாங்க?" என்று கேட்டார். மீன் என்றேன். "எப்ப வாங்கின மீன்?"

மாமனார் முந்திக்கொண்டார். "பிரெஷ் மீனு டாக்டர். நேத்துதான் வாங்கியாந்தேன்."

படுக்கையில் கிடப்பது அவர் மனைவி. என்ன சாப்பிட்டாள் என்று தெரிந்தால்தான் வைத்தியம் பார்க்க முடியும். அந்த இடத்திலும் அவருக்குத் தன் மீனின் மானம்தான் பெரிதாக இருந்தது.

"இல்ல டாக்டர்" என்றேன். என் குரல் அந்த வார்டு முழுக்கக் கேட்டது. "ஒரு மாசத்து மீன். ஃப்ரீசர்ல இருந்தது. கரண்ட் போயி ரெண்டு நாள் கரைஞ்சு கிடந்துச்சு. திரும்ப உறைய வச்சு, இன்னைக்கு வெயில்ல வச்சு எடுத்துச் சமைச்சிருக்காங்க."

டாக்டர் எழுதுவதை நிறுத்தி மாமனாரைப் பார்த்தார். பிறகு என்னிடம், "சூரை, கானாங்கெளுத்தி மாதிரி மீனெல்லாம் குளிர்ச்சி விட்டுப்போச்சுன்னா உள்ளேயே விஷமாயிரும்மா. அது வந்துருச்சுன்னா கொதிக்க வச்சாலும் போகாது, மறுபடி உறைய வச்சாலும் போகாது" என்றார். ஊசி எழுதிக் கொடுத்தார். உடனே கூட்டி வந்தது நல்லது என்றும் சொன்னார்.

வெளியே வராந்தாவில் மாமனார் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "வெளியாள் முன்னாடி என்னையப் பொய்யனாக்கிப்புட்டீல?"

"நீங்க சொன்னது பொய்தான மாமா?"

இத்தனை வருடத்தில் அவரை நான் அப்படிப் பேசியதில்லை. அவர் எதிர்பார்க்கவும் இல்லை. போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். அத்தையைப் பார்க்க உள்ளே வந்தபோது, "வயசாச்சுல்ல, செரிக்கல" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் அத்தையை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கட்டிலில் படுக்க வைத்து, கஞ்சி கொடுத்துவிட்டு, நான் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். பள்ளிக்கு லீவு சொல்லியிருந்தேன். ஐஸ் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினேன். மூட்டை பெட்டியின் அடியோடு ஒட்டிக்கொண்டு அசையவில்லை. அடுப்பில் வெந்நீர் வைத்து, குடம் குடமாகக் கொண்டு வந்து ஊற்றினேன். மீன் என்னவானாலும் எனக்குக் கவலையில்லை என்பதால் வெந்நீர் அன்றைக்கு நன்றாகவே வேலை செய்தது. கூடமெல்லாம் நாற்றம் சூழ்ந்தது. உடைத்து உடைத்து அன்னக்கூடையில் அள்ளிக் கொல்லைக்குக் கொண்டுபோனேன். வாழைக்குப் பக்கத்தில் மண்வெட்டியால் குழி வெட்டினேன்.

மாமனார் பின்னாலேயே வந்தார். "யாரக் கேட்டு இதச் செய்யிற? யாரு வீட்டுச் சாமான்னு நெனச்ச?"

நான் வெட்டிக்கொண்டே இருந்தேன்.

"நிறுத்துங்கிறேன்ல!"

"நிறுத்த மாட்டேன் மாமா." மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தேன். "நீங்க காதுகுத்துல பிரியாணி சாப்புட்டீங்க. அத்தை இதச் சாப்புட்டாக. என் மக அன்னிக்கு மத்தியானம் வீட்டுல இருந்திருந்தா அவளுந்தான் சாப்புட்டிருப்பா. இனிமே இந்த வீட்டுல மீனு நான் சொல்றபடிதான். முந்துன நாளு சொன்னா பத்துப் பேருன்னாலும் ஆக்கிப் போடுறேன். சொல்லலேன்னா ரசமும் அப்பளமுந்தான். யாரு வந்தாலும் சரி."

பக்கத்து வீட்டு மதில் மேல் இரண்டு தலைகள் தெரிந்தன. அவர் அவற்றைப் பார்த்தார். நாலு பேர் முன்னால் மரியாதை போவதைப் போல அவரைச் சுடுவது வேறெதுவுமில்லை. "பொம்பளைக்கு வாய் நீண்டுபோச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நான் மீனைக் கொட்டி மண்ணைத் தள்ளி மிதித்தேன். நாய் தோண்டாமலிருக்க மேலே கல்லை அடுக்கினேன்.

அவர் மகனுக்குப் போன் போட்டார். சாயங்காலம் கணவர் வீடியோவில் கூப்பிட்டார், எடுத்த எடுப்பில் கத்தினார். அப்பாவை ஊர் முன்னால் அவமானப்படுத்திவிட்டேனாம். நான் போனைக் கட்டிலுக்குக் கொண்டுபோய், அத்தையின் புறங்கையில் ஊசி குத்திக் கன்றிப்போன இடத்தைக் காட்டினேன். கழுத்தில் இன்னும் அடங்காத தடிப்பைக் காட்டினேன். அவர் முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தார். "எங்கிட்ட செரிக்கலன்னுதானே சொன்னாரு" என்றார். எனக்கு அவர் மேலேயும் கோபம்தான் வந்தது. அம்மாவுக்கு என்ன என்று அம்மாவிடமே கேட்டிருக்கலாம்.

மாமனார் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். சில வாரம் யாரும் சாப்பிட வரவில்லை. பிறகு ஒருநாள், வேண்டுமென்றே, பதினொரு மணிக்கு இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார வைத்தார். நான் என்ன செய்கிறேன் பார்க்கலாம் என்ற மாதிரி. நான் ரசம் வைத்தேன், அப்பளம் பொரித்தேன், ஆளுக்கு ஒரு முட்டை அவித்தேன். அவர் தலை குனிந்து சாப்பிட்டார்.

வந்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ரசத்தை இரண்டாவது முறை கேட்டு வாங்கிக்கொண்டார்கள். "இந்த வெயிலுக்கு இதுதான் தோதா இருக்கு" என்று ஒருவர் வயிற்றைத் தடவிக்கொண்டார். மீனைப் பற்றி அவர்கள் நினைக்கக்கூட இல்லை. மற்ற எதையும் விட அதுதான் என்னை அதிகம் எரித்தது. வந்தவர்கள் யாரும் இத்தனை காலம் மீன் கேட்கவே இல்லை. அத்தை மாடியில் உட்கார்ந்து காக்காய் விரட்டியதெல்லாம் கேட்காதவர்களுக்காக. அன்றைக்குப் பாத்திரம் கழுவும்போது ஒரு தட்டை வேகமாக வைத்து உடைத்துவிட்டேன்.

இப்போது அவர் முதல் நாளே சொல்லிவிடுகிறார். என்னிடம் இல்லை. கூடத்தில் நின்று, காற்றைப் பார்த்து, "நாளைக்கு மூணு பேரு வாராக" என்பார். அது எனக்குப் போதும். பெட்டிக்குள் இப்போது எல்லாம் தட்டைப் பொட்டலம். ஒன்றை எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வடிதட்டின் மேல் வைத்துவிடுகிறேன். மறுநாள் துண்டு உடையாமல், முறுகலாக, இலையில் விழுகிறது. சாப்பிடுகிறவர்கள் மாமனாரைப் பாராட்டுகிறார்கள். "எல்லாம் நம்ம செலக்சன்" என்கிறார் அவர்.

அத்தை ஏன் மீன் போட்டுக்கொள்வதில்லை என்று யாராவது கேட்டால், "அவளுக்கு மீனு ஒத்துக்காது" என்றும் சொல்கிறார். நான் எங்கே இருந்தாலும், கையில் எது இருந்தாலும் போட்டுவிட்டு வந்து, "மீனு ஒத்துக்கும். கெட்டுப்போன மீனக் குடுத்ததுதான் ஒத்துக்கல" என்று சொல்லிவிட்டுத்தான் போகிறேன். வந்தவர்கள் சங்கடப்படுகிறார்கள். படட்டும். அவர் அத்தையிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருந்தால் நான் சும்மா இருந்திருப்பேனோ என்னவோ. கேட்கவில்லை.

மீன் சமைக்கிற நாளில் யாருக்கும் பரிமாறுவதற்கு முன்பு, வஞ்சிரத்தில் நல்ல நடுத்துண்டாக ஒன்றை எடுத்து அத்தையின் தட்டில் வைக்கிறேன். முதல் நாளே இறக்கி வைத்தது, நல்ல மீன், பயப்படாதீங்க என்கிறேன். அவர் ஒரு தரம் கையில் எடுத்து மோந்து பார்க்கிறார்.

"கொமட்டுது ஆத்தா" என்று மெதுவாக என் பக்கம் தள்ளிவைத்துவிட்டு, வெறும் மோரை ஊற்றிப் பிசைந்து சாப்பிடுகிறார்.